நாசிக்கில் ஒயின் சுவைக்கப் போகிறவர்களுக்கு: நான் செய்த தவறுகளைக் கழித்த வழிகாட்டி

நான் முதன்முறை நாசிக் போனது ஏப்ரல் மாதம், தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையில். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவன். நாசிக்கிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். போய் இறங்கினால், வரிசை வரிசையாகக் கம்பிகளில் கட்டிய மொட்டைக் கட்டைகள்தான் நின்றன. அறுவடை முடிந்து, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வந்ததற்கு எதையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று ஒரே நாளில் மூன்று ஒயின் ஆலைகளில் ஏறி இறங்கி, பதினைந்து வகை ஒயின் குடித்தேன். மறுநாள் காலை அவற்றில் ஒன்றின் சுவைகூட நினைவில் இல்லை. தலைவலி மட்டும் தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று முறை போய்வந்துவிட்டேன். முதல் பயணத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன். 'ஒயின் ஷாப்' என்றால் பிராந்தி விற்கும் கடை என்று பழகியவர்களுக்கும் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

1. முதலில் மாதம், பிறகுதான் டிக்கெட்

ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை கொட்டுவதால், பழம் அந்தக் காலத்தில் பழுத்தால் அழுகிவிடும். அதனால் அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து. இரண்டாவது கவாத்துக்குப் பிறகு வரும் காய்தான் ஒயினாகிறது.

ஆகவே போக வேண்டியது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள். வெள்ளை ஒயினுக்கான பழம் முதலில் இறங்கும், சிவப்புக்கானது பின்னால் வரும். பிப்ரவரி நடுவில் போனால் இரண்டையும் பார்க்க வாய்ப்பு அதிகம். விடியற்காலையில் நன்றாகக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் மலை பச்சையாக, அருவியோடு அழகாக இருக்கும்; கொடியில் பழம் இருக்காது. அது தெரிந்தே போனால் சரி.

சனி, ஞாயிறு வேண்டாம். மும்பை, புனே கூட்டம் முழுவதும் அங்கேதான் இருக்கும். கவுண்டரில் ஊற்றுபவருக்கு உங்களிடம் இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்காது. செவ்வாய், புதன் போனால் அதே ஆள் அரை மணி நேரம் நின்று விளக்குவார். பிப்ரவரி வாக்கில் இசை விழா நடக்கும் வார இறுதியில் அறை வாடகை எகிறிவிடும். ஒயினுக்காகப் போகிறவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடலாம்.

மது விற்காத நாட்களையும் பார்த்துவிடுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லோருக்கும் தெரியும். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் வாக்கு எண்ணும் நாளும் அந்தத் தொகுதியில் மூடல்தான். உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. கிளம்பும் முன் ஆலைக்கு ஒரு போன் செய்து கேட்பது நல்லது. 2027 ஆகஸ்ட், செப்டம்பரில் நாசிக்கிலும் திரியம்பகேஸ்வரிலும் கும்பமேளாவின் முக்கிய நீராடல்கள் வருகின்றன. அந்த மாதங்களில் ஒயினை மறந்துவிடுங்கள், அறையே கிடைக்காது.

2. நாசிக் என்பது ஒரே இடம் அல்ல

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் அருகருகே இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் மூன்று திசைகள்.

நகரத்துக்கு மேற்கே கங்காபூர் அணைப் பக்கம் சுலா, யார்க், சோமா போன்ற ஆலைகள். முதல்முறை போகிறவர்களுக்கு இந்தப் பக்கம்தான். சுலாவில் 2005இல் தொடங்கிய சுவைக்கூடம்தான் இந்தியாவில் முன்னோடி. கூட்டம் அதிகம், ஆனால் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய இடம். யார்க்கையும் 2021இல் சுலாவே வாங்கிவிட்டது.

வடக்கே திண்டோரி. நுரைக்கும் ஒயினுக்குப் பெயர்பெற்ற ஷான்டோன் இந்தப் பக்கம்.

தென்மேற்கே மும்பை சாலையில் இகத்புரி பக்கம் வலோனே, குரோவர் ஜம்பா. நகரத்திலிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். ஆலைகள் சிறியவை, அமைதியானவை. என் விருப்பம் இந்தப் பக்கம்தான், ஆனால் இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திசைக்கு ஒரு நாள், ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு ஆலை. ஏன் இரண்டு என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு அமர்வில் வழக்கமாக ஐந்து வகை, ஒவ்வொன்றும் சுமார் 30 மில்லி. ஆக 150 மில்லி, அதாவது ஒரு முழுக் கிளாஸ். மூன்று ஆலை ஏறினால் 450 மில்லி, பாட்டிலில் பாதிக்கும் மேல். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் இந்தக் கணக்கு மனதில் ஏறுவதே இல்லை.

3. போய்ச் சேருவது

சென்னையிலிருந்து மும்பை ரயிலில் ஏறி கல்யாணில் இறங்கி, அங்கிருந்து நாசிக் ரோடு போகும் ரயிலைப் பிடியுங்கள். மும்பை வரை போய்த் திரும்புவது வீண். கல்யாணிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், வழியில் கசாரா மலைப்பாதை வேறு. விமானம் என்றால் மும்பையில் இறங்கிக் காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நாசிக்குக்கென்று ஓஜரில் ஒரு விமான நிலையமும் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி. 'நாசிக் ரோடு' ஸ்டேஷன் நகரத்துக்குள் இல்லை. அங்கிருந்து நகரம் ஒன்பது பத்து கிலோமீட்டர், ஆலைகள் அதையும் தாண்டி மேற்கே. ஸ்டேஷன் வாசலில் அறை போட்டால் தினமும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். கங்காபூர் சாலை, கல்லூரிச் சாலைப் பக்கம் அறை பாருங்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பாதிப்பேர் சீரடிக்கும் திரியம்பகேஸ்வருக்கும் போகிறவர்கள்தான். சேர்த்தே திட்டமிடலாம்: சென்னையிலிருந்து சீரடிக்கு வாராந்திர ரயில் இருக்கிறது, சீரடியிலிருந்து நாசிக் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். என் அக்காவும் மாமாவும் திரியம்பகேஸ்வர் வரிசையில் நின்ற ஒரு முழுக் காலையில்தான் நான் என் இரண்டாவது சுவைப்பை முடித்தேன். கோயிலுக்கும் ஆலைக்கும் ஒரே நாளில் போவதென்றால் கோயில் முதலில். வரிசை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்ல முடியாது.

4. கையில் இருக்க வேண்டியவை

மகாராஷ்டிரத்தில் ஒயின் குடிக்கக் குறைந்தபட்ச வயது 21. முடி நரைத்தவரிடம் கேட்க மாட்டார்கள், இளம் முகமாக இருந்தால் நிச்சயம் கேட்பார்கள். ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், அசல். செல்பேசியில் எடுத்த புகைப்படத்தை ஓர் ஆலையில் ஏற்க மறுத்தார்கள். என்னுடன் வந்த தம்பி இருபத்து மூன்று வயதில் இரண்டு மணி நேரம் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறை எடுக்கவும் எல்லோருடைய அடையாள அட்டையும் வேண்டும்.

சுற்றிக்காட்டும் நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். பெரிய ஆலைகளில் நேரில் போனாலும் இடம் கிடைக்கலாம், சிறியவற்றில் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார். பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வகை ஊற்றுவார்கள், அதில் சிவப்பு எத்தனை, அன்று அறுவடையோ பிழிதலோ நடக்கிறதா. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அந்த நாளை விடாதீர்கள். திராட்சையைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கும் நிகழ்ச்சி வேறு, அது புகைப்படத்துக்கு. அதற்குத் தனிக் கட்டணம் வாங்கினால் எனக்குச் சம்மதமில்லை, குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

5. செலவு

கடைசியாகப் போனபோது நான் கொடுத்தவை இவை. சுற்றிக்காட்டி ஐந்து வகை ஊற்றுவதற்கு ஓர் இடத்தில் 600, இன்னோர் இடத்தில் 1,000 ரூபாய். டிரைவரோடு ஒரு நாள் கார் 3,000. வாரநாளில் நகரத்தில் அறை 2,500. ஆலைக்குள்ளேயே தங்குவதென்றால் வாரநாளிலேயே இதைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள். மதியச் சாப்பாடு ஒருவருக்கு ஆயிரம். சில இடங்களில் வார இறுதியில் வாயிலிலேயே நுழைவுக் கட்டணம் வாங்கி, உள்ளே வாங்கும் பொருளில் கழிப்பார்கள், ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

காரில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தவிர, மாலையில் அணைப் பக்கத்திலிருந்து திரும்ப ஆட்டோவோ செயலி வழிக் காரோ கிடைப்பது குதிரைக்கொம்பு. போகும்போது எளிதாகக் கிடைத்துவிடும், அதுதான் ஏமாற்றும்.

6. கிளம்பும் முன் மூக்கைத் தயார் செய்யுங்கள்

ஒயினில் முக்கால்வாசி வேலை மூக்குக்கு. நான் முதல்முறை எதையும் உணராததற்குக் காரணம் நாக்கல்ல. எந்த வாசனையைத் தேடுவது என்றே தெரியாததுதான். இதற்கு ஒரு வாரம் போதும், செலவும் இல்லை.

சமையலறையில் இருந்து தொடங்குங்கள். கொய்யாவின் தோலை நகத்தால் கீறி முகருங்கள். பச்சை மிளகாயை உடைத்து, குடைமிளகாயை நறுக்கி முகருங்கள். சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் இந்தப் பச்சை வாசனைதான் முதலில் வரும்; குடைமிளகாயின் வாசனையைத் தரும் வேதிப்பொருள் குடும்பமே இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. மிளகைத் தட்டி முகருங்கள். ஷிராஸ் என்ற சிவப்பில் வரும் கார வாசனைக்கும் மிளகின் வாசனைக்கும் காரணம் ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள். ஆக அது வெறும் உவமை அல்ல. நாவல் பழக் காலமாக இருந்தால் நான்கு பழத்தை நசுக்கி முகர்ந்துவிட்டு நாக்கின் கறையைப் பாருங்கள், சிவப்பு ஒயினுக்குப் பாதி பாடம் அதிலேயே இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால் விடாதீர்கள். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. மஸ்கட் திராட்சையில் செய்த ஒயின் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இனி மூக்கே அடையாளம் சொல்லிவிடும்.

ஒரு விஷயத்தில் நமக்கு வசதி. சிவப்பு ஒயினில் டானின் என்று சொல்வதை விளக்க மற்றவர்கள் பாடாய்ப் படுவார்கள். நமக்கு அது துவர்ப்பு. கொட்டைப் பாக்கை மென்றால், வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் ஈறு இறுகுமே, அதுதான்.

7. மேசையில் உட்கார்ந்த பிறகு

காலையில் வாசனைத் திரவியம் வேண்டாம். கூந்தலில் மல்லிகைப்பூ வேண்டவே வேண்டாம். வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்து மேசைக்கும் கிளாஸில் மல்லிகைதான் மணக்கும். காபி, பாக்கு, புதினா மிட்டாய் ஒரு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லி போதும்.

கிளாஸைக் கிண்ணத்தில் பிடிக்காமல் தண்டில் பிடியுங்கள், கைச்சூடு ஏறாது. சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றி மறுமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒரு சிறிய மடக்கு எடுத்து வாய் முழுவதும் பரவவிட்டு இவற்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கன்னத்தில் எச்சில் ஊறுகிறதா (புளிப்பு), ஈறு இறுகுகிறதா (துவர்ப்பு), தொண்டையில் சூடு இறங்குகிறதா (ஆல்கஹால்), தண்ணீர்போல இருக்கிறதா பால்போல இருக்கிறதா (கனம்), துப்பிய பிறகு எத்தனை நொடி சுவை நிற்கிறது.

ஆமாம், துப்பத்தான் வேண்டும். மேசையில் அதற்கென்று ஒரு வாளி இருக்கும். நாலு பேர் முன்னால் துப்புவது அநாகரிகம் என்று வளர்ந்தவர்கள் நாம். எனக்கு இரண்டு பயணம் வரை கை வரவில்லை. ஆனால் அந்த வாளி வைத்திருப்பதே அதற்குத்தான், அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தால் பாதியைக் குடித்துவிட்டு மீதியை வாளியில் ஊற்றிவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் இருக்கும் ஒரு குறிப்பு: 'செனின் பிளாங்க். முகர்ந்தால் இனிப்பு, வாயில் இனிப்பே இல்லை. பச்சை ஆப்பிள். மீன் வறுவலுக்கு.' இவ்வளவுதான், ஆனால் அந்த ஒயின் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பழ வாசனை வருவதாலேயே ஒயின் இனிப்பானது என்று முடிவு கட்டுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. முகரும்போதே மூளை இனிப்பை எதிர்பார்த்துவிடும். நாக்கை மட்டும் கேளுங்கள்.

உண்மையான இனிப்பு ஒயின் வேண்டுமென்றால் தாமத அறுவடை (லேட் ஹார்வெஸ்ட்) என்று கேளுங்கள், அதைக் கடைசியில் குடியுங்கள். முதலில் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் புளிக்கும்.

பிடிக்காத ஒயினுக்கும் கெட்ட ஒயினுக்கும் வித்தியாசம் உண்டு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. காடி (வினிகர்) நெடி தூக்கலாக வந்தால் புளித்துப்போய்விட்டது. ஜாம் காய்ச்சியது போலத் தட்டையாக இருந்தால் வெயிலில் வெந்திருக்கிறது. சொல்லுங்கள், வேறு பாட்டில் திறப்பார்கள்.

8. வாங்கி எடுத்து வருவது

ஆலையில் விலை மலிவு என்பது பிரமை. பாட்டிலில் அச்சிட்ட விலைதான். மகாராஷ்டிரத்தில் மற்ற மாநிலங்களைவிட மலிவாக இருப்பது வரி வித்தியாசத்தால். கடைகளில் கிடைக்காத சிறு அளவுத் தயாரிப்புகளை மட்டும் அங்கே வாங்குவேன்.

மது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் கொண்ட பொருள். உங்கள் மாநிலத்துக்குள் வெளிமாநில பாட்டிலைக் கொண்டுவர என்ன விதி என்பதை ஆயத்தீர்வைத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பில் போடச் சொல்லுங்கள், அந்த பில்லைப் பாட்டிலோடு வைத்திருங்கள். கடைக்காரர் 'ஒன்றும் ஆகாது சார்' என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள், சோதனைச் சாவடியில் அவர் நிற்க மாட்டார்.

இன்னொரு பொறி சாபுதாரா. நாசிக்கிலிருந்து எண்பது கிலோமீட்டரில் நல்ல மலை ஊர், எல்லா டிரைவர்களும் பரிந்துரைப்பார்கள். அது குஜராத்தில் இருக்கிறது. மதுவிலக்கு மாநிலம். டிக்கியில் ஆறு பாட்டிலோடு அந்த எல்லையைக் கடக்காதீர்கள்.

விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில்தான். 750 மில்லி பாட்டில் நிறைய இருக்கும்போது ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனக்கும், நுரைக்கும் ஒயின் இன்னும் கனம். மூன்று பாட்டில் வைத்தால் நான்கு கிலோ போய்விடும். நான் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, வேட்டியில் சுற்றி, நடுவில் வைப்பேன். இதுவரை உடைந்ததில்லை.

9. வீட்டில்: ஒரே திராட்சை, இரண்டு நாடு

இதைத்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். பத்து வகையை ஒரே நாளில் குடிப்பதால் வராத தெளிவு, ஒரே திராட்சையில் செய்த இரண்டு ஒயினை அருகருகே வைத்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

முதல் ஜோடி: நாசிக் ஷிராஸ், ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ். இரண்டும் வெயில் ஊர், ஆனால் பரோசா 1840களிலிருந்து கொடி வளர்க்கும் இடம். ஆஸ்திரேலியாவைச் சொல்வதற்குப் பணக் காரணமும் உண்டு. இறக்குமதி ஒயினுக்கு 150 சதவீத வரி இருந்த காலத்தில், 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் பாட்டிலுக்கு 5 அமெரிக்க டாலருக்கு மேல் விலையுள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேல் என்றால் 75 சதவீதமாகவும் வரி குறைந்தது. ஆண்டுதோறும் இன்னும் இறங்கும்படி ஒப்பந்தம்.

இரண்டாவது ஜோடி: நாசிக் சோவின்யோன் பிளாங்க், நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவின்யோன் பிளாங்க். நியூசிலாந்து ஒயினின் புளிப்பு கன்னத்தைக் கிள்ளும், நாசிக் ஒயின் மென்மையாக இருக்கும். நாசிக் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு குளிர்ந்தாலும், பகல் வெயிலில் பழம் வேகமாகச் சர்க்கரை ஏறிப் புளிப்பை இழப்பதுதான் காரணம். மூன்றாவது ஜோடி செனின் பிளாங்க்: நாசிக்கும் தென்னாப்பிரிக்காவும். எனக்கு நாசிக் மிக நெருங்கி வந்து நிற்பதாகத் தோன்றியது இந்த ஜோடியில்தான். சிவப்பில் இன்னும் தூரம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம், நாசிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நான்கு பேர் சேர்ந்து இரண்டு பாட்டில் வாங்கினால் செலவு பகிர்ந்துவிடும். பெயர் தெரியாமல் இருக்க பாட்டிலுக்கு செய்தித்தாளைச் சுற்றுங்கள். வெள்ளையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். சிவப்பை 'அறை வெப்பத்தில்' குடிக்கச் சொல்வது குளிர்நாட்டு அறைக்கு. நம் வீட்டின் 32 டிகிரியில் அது வெந்நீர். ஃப்ரிட்ஜில் வைத்து, 16, 17 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள்.

கடையில் வாங்கும்போது, கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி நிற்க வைத்த பாட்டிலைத் தொடாதீர்கள், தள்ளுபடி கொடுத்தாலும். திருகு மூடி போட்டது மட்டம் என்று நினைக்காதீர்கள், நியூசிலாந்தின் நல்ல ஒயின்களே அப்படித்தான் வருகின்றன. 'போர்ட் ஒயின்' என்று மலிவு விலையில் கிடைக்கும் இனிப்புச் சரக்குக்கும் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு ஒயினுக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

மிச்சமானதை மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்காமல். சிவப்பையும்தான். மூன்று நாள் தாங்கும். மறுநாள் மாலை இரண்டிலிருந்தும் ஒரு மடக்கு ஊற்றி மறுபடி முகர்ந்து பாருங்கள். என் நோட்டில் முதல் நாள் 'ஒன்றுமில்லை' என்று எழுதிய நாசிக் ஷிராஸுக்குக் கீழே, மறுநாள் தேதியிட்டு 'மிளகு' என்று எழுதியிருக்கிறேன்.